கெண்டியைத் தூக்கிய ஷெஹாதா

மைத்துனன் மர்வான் வீட்டுப் படியை இனி மிதிப்பதில்லை என்று ஷெஹாதா சபதம் எடுத்தது அம்மான் நகரில், கிளம்பும்போதே. அதை மனைவி நுஹாவிடம் சொல்லும் துணிச்சல் மட்டும் அந்த வீட்டுக்குப் போகும் பாதி வழி தாண்டியும் வரவில்லை. கடற்கரை ஊரான அகபாவில் மர்வான் காத்திருந்தான். தான் ஒரு மீன் பிடித்த கதையை அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்த மீன் கருவாடாகிவிடும்.

அதனால் ஒரு திட்டம். வழியில், வாதி ரம் பாலைவனக் கூடாரத்தில் ஓர் இரவு. குளிரும் மணலும் வாட்டினால் 'வீட்டுக்கே திரும்பிடலாம்' என்று அவளே கெஞ்சுவாள். இருப்பதிலேயே மோசமான ஓட்டைக் கூடாரத்தைக் கேட்டு வாங்கினான்.

"ஓட்டை வழியா நட்சத்திரம் தெரியுது பாருங்க," என்றாள் நுஹா.

"காத்தும்தான் வருது."

"வரட்டுமே. நம்ம வீட்ல உங்க குறட்டையைத் தவிர என்ன வருது?"

மணலில் புதைத்துச் சுட்ட ஆட்டுக்கறி பல்லில் நறநறத்தது. அவள் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஷெஹாதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு எதுதான் ஆகாது? தூக்கம் கெட்டால் ஆகாது; ராத்திரியில் காப்பி குடித்தால் அது கெடும்.

நெருப்பருகே கூடாரக்காரர் சுவைலிம் கடுங்காப்பிக் கெண்டியோடு உட்கார்ந்திருந்தார். ஷெஹாதா அதைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.

"இன்னிக்கு நான் ஊத்தறேன், ஷேக்."

"கெண்டி உங்க கையில இருந்தா விருந்தும் உங்களுதுதான். அப்புறம் பின்வாங்கக் கூடாது."

"எங்க உடம்புலயும் பாலைவனத்து ரத்தம்தான் ஓடுது."

முதல் கோப்பை நுஹாவுக்கு. வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள். குடிக்காமல் தரையில் வைத்துவிட்டாள்.

நெருப்பைச் சுற்றியிருந்தவர்கள் ஷெஹாதா பக்கம் திரும்பினார்கள். பாலைவன வழக்கத்தில், விருந்தாளி குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தால், கேட்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என்னவென்று தெரிவதற்கு முன்பே விருந்து கொடுப்பவன் 'தந்தேன்' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாதவனுக்கு மீசை எதற்கு?

"எடுத்துக் குடி," பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"காப்பி ஆறுதுங்க," என்றாள் நுஹா.

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"இப்போ இதுதானே உங்க வீடு?"

சுவைலிம் தொண்டையைக் கனைத்தார். ஒட்டகம்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"குடி. நீ கேட்டது உனக்கு," என்றான் ஷெஹாதா.

ஒரே மடக்கில் குடித்தாள். "பெருநாள் முடியறவரைக்கும் மர்வான் அண்ணன் வீட்ல தங்கறோம்."

கூடாரத்துக்குத் திரும்பும்போது, "பெருநாளுக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கே," என்று முனகினான்.

"அண்ணனுக்கு ஒரு சலாம் சொல்லிட்டு மத்தியானமே கிளம்பிடலாம்னுதான் இருந்தேன்," என்றாள் நுஹா, போர்வையை இழுத்துக்கொண்டே. "நீங்க கெண்டியைத் தூக்கினதும்தான் ஆசையே வந்துது."