எக்ஸ்ட்ரீம்லி நல்ல பையன்

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனை வீட்டு எக்ஸ்ட்ரீம்லி சாரைப் போல நல்ல மனிதர் இந்தச் சென்னையிலேயே கிடையாது. என் கல்யாணத்தை அவரைப் போலக் கெடுத்தவரும் கிடையாது.

அந்த ஆங்கில வார்த்தையை முன்னால் மாட்டாமல் அவருக்குப் பேச்சே வராது. காபி எக்ஸ்ட்ரீம்லி சூடு, கொசு எக்ஸ்ட்ரீம்லி கொசு. நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், எனக்குப் பெண் பார்க்க ஆரம்பிக்கும்வரை. பெண் வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் அல்லவா? எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது, கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இவர்தான்.

பம்மலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது.

“பையன் எப்படி சார்?”

“எக்ஸ்ட்ரீம்லி நல்ல பையன்.”

“குடிப்பாரா?”

“எக்ஸ்ட்ரீம்லி குடிக்க மாட்டான்.”

“போட்டோல இருக்கறது...”

“எக்ஸ்ட்ரீம்லி சொந்த முடி சார்!”

போனவர்கள் போனவர்கள்தான். இந்த ஆள் இவ்வளவு தூக்கிவைத்துப் பேசினால் எதையோ மறைக்கிறார்கள் என்று தரகரிடம் சொன்னார்களாம். அடுத்து வந்தவர்களும் அப்படியே. எனக்கு முடி கொட்டத் தொடங்கியது.

அம்மா அவரிடம் போய்க் கெஞ்சினாள். “அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த வார்த்தைய மட்டும் விட்டுடுங்க.”

கோவிலம்பாக்கத்துக்காரர்கள் வந்தபோது மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, “பையன்... பரவால்ல” என்றார். அவர்கள் எதிரே இருந்த இஸ்திரி வண்டிக்காரரிடம் போனார்கள். “சாரு கொசுவக்கூட எக்ஸ்ட்ரீம்லி கொசும்பாரு. அவரே பரவால்லன்றாருன்னா, இன்னாவோ கீதுங்க” என்று அவர் என் கதையை முடித்துவைத்தார்.

அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. இனி யாரும் வரவேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கண் கலங்கியிருந்தது. “உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன்டா. இனிமே வாசல்லயே உட்கார மாட்டேன்” என்றார். சொன்னபடியே நாற்காலியை உள்ளே எடுத்துப்போட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டார்.

நேற்று தரகர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலிருந்து வருகிறார்களாம். “இந்தத் தடவ அவர் இல்லடா, நிச்சயம் முடியும்” என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் நேராகப் போய் அவர் வீட்டுக் கேட்டைத் திறக்கவைத்து, உள்ளே கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே போட்டேன்.

“உட்காருங்க சார். கேட்டா, எப்பவும் சொல்றதையே சொல்லுங்க.”

பெண் அமையாவிட்டால் போகட்டும். என்னைப் பற்றி அப்படி நினைப்பவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவரை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்.