டெஸ்டரும் ஒரு சோடி இறப்பர் செருப்பும்

கொழும்பு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், என் சிநேகிதியைப்போல மின்சாரத்தைச் சந்தேகப்படும் இன்னொரு எலக்ட்ரீசியன் கிடைக்கமாட்டார். அவளுக்கும் ஒரு ஞானஸ்நானப் பெயர் உண்டு. எங்களுக்கு அவள் டெஸ்டர்தான்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வயரிங் வேலை பழக்கும் வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். கணக்குப் பாடத்தில் கவிழ்ந்த நான் வேறு போக்கிடம் இல்லாமல் அதில் சேர்ந்தேன். டெஸ்டர் ஆசைப்பட்டுச் சேர்ந்தவள். கரண்ட் இருந்தால் பளிச்சென்று எரியும் 'டெஸ்டர்' என்ற அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்போதும் அவள் பையில் பேனைக்குப் பக்கத்தில் இருக்கும். அதை வைத்துப் பார்க்காமல் எதையும் தொடமாட்டாள். கன்டீனில் மீன் அடைத்த மாலுபாண் அடுக்கிய அலுமாரிக்கும் அதே கதிதான். பரிசளிப்பு விழாவில் அதிபர் வெற்றிக் கிண்ணத்தை நீட்டியபோது, "ஒரு நிமிஷம் மிஸ்" என்று அதற்கும் டெஸ்டர் வைத்தாள்.

சப்பாத்து கடிக்கிறதென்று நான் பட்டறையில் வெறுங்காலோடு நிற்பேன். அது அவளுக்குப் பொறுக்காது. முகத்துவாரத்து வீட்டிலிருந்து எனக்கென்றே ஒரு சோடி இறப்பர் செருப்புக் கொண்டுவந்தாள்.

"செத்துப் போனா உன்ட அம்மாவுக்கு ஆருடி பதில் சொல்றது? போடு!"

போடுவேன். அவள் தலை மறைந்ததும் கழற்றிவிடுவேன்.

கடைசியில் செய்முறைப் பரீட்சை வந்தது. பாஸ் பண்ணினால் தெமட்டகொடையில் ஒரு வேர்க்‌ஷொப்பில் அவளை வேலை பழக எடுப்பார்கள். தவறினால் மாமியின் தையல் கடையில் பட்டன் தைக்க வேண்டும் என்று அவளுடைய அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். பரீட்சகரோ கண்டிப்பின் மறு உருவம். "அடுத்தவர் போர்டில் கை வைத்தால் பெயில்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நான் அவசர அவசரமாக வயர்களைப் பூட்டி, மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு, வழக்கம்போல வெறுங்காலோடு இரும்புப் பெட்டியை மூடக் கையை நீட்டினேன். பக்கத்து மேசையிலிருந்து டெஸ்டர் பாய்ந்து என் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். மறுகையால் என் சுவிட்சை நிறுத்தினாள்.

"வெளியே போங்க!" என்றார் பரீட்சகர்.

அவள் கண் கலங்கிவிட்டது. "போறன் சேர். ஆனா அந்தப் பெட்டியில கை வைக்காதீங்க."

அவர் முறைத்தபடி சுவிட்சைத் திரும்பப் போட்டு, பெட்டியைத் தொடப்போனார். "சேர், இந்தாங்க!" என்று வாசலிலிருந்து தன் டெஸ்டரை நீட்டினாள். என்ன நினைத்தாரோ, வாங்கி வைத்துப் பார்த்தார். எரிந்தது. என் வயர் ஒன்று பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது. பரீட்சகர் கையை மெதுவாகத் தன் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "உள்ளே வந்து மிச்ச வேலையை முடிங்க மகள்" என்றார்.

அவளுக்குப் பாஸ். எனக்குப் பெயில். இரண்டுமே நியாயம். அதனால்தான் இன்று நான் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் வெள்ளவத்தையில் என் வீட்டு மின்விசிறியைத் திருத்த டெஸ்டர் வந்தாள். வாசலில் நின்று முதலில் காலிங் பெல்லுக்கு டெஸ்டர் வைத்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்கடி?"

ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். பரீட்சையன்று அவள் அடித்த கையால்தான் இதை எழுதுகிறேன். அவள் போய் வெகு நேரமாகியும் அந்தச் செருப்பைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.