பெஹாலா கிட்டார்ப் பெரும்போரும் இரட்டைக் கதவு டேப்ரெக்கார்டரும்

வாழ்க பிரிட்டோ! சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடியில், சரக்கு வேகன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் வாழ்க! பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே துறந்து, இசையின்மேல் பழியைப் போட்டு, தந்தை ஆறு மாதம் பேசாமலிருந்ததைத் தனியொருவனாகத் தாங்கிய தீரன் வாழ்க! நான்கே ஆண்டுகளில் கிட்டாரின் முதல் தந்தியை முப்பத்தொரு முறை அறுத்தும் கலங்காத நெஞ்சினன், தந்தியறுத்த தனிவீரன், இடது மணிக்கட்டில் ஸ்டாப்வாட்ச் உள்ள கறுப்பு டிஜிட்டல் கடிகாரத்தைக் காப்பாகப் பூண்டவன், வாழ்க, வாழ்க!

கல்கத்தாவின் கம்பிகளில் மனம்போனபடி வந்துபோகும் மின்சாரத் தேவியே, உன்னையும் வணங்குகிறோம். இக்கதை முடியும்வரை எங்கும் போய்விடாதே. நடுவில் நீ போனால் டேப்பும் ஓடாது, ஃபேனும் ஓடாது. வீரர்கள் வியர்த்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, மே மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை பத்தரை மணி. பெஹாலாவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் லாரி ஒன்று, கோட்டையை முற்றுகையிட்ட யானையைப்போல் மூச்சிரைத்து நின்றது. பிரிட்டோவின் இசைத்தோழி மதுவந்தி குடியிருந்த வீடு அது. அவள் தந்தைக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகியிருந்தது. மாற்றல் குடும்பங்களின் சட்டம் எளிது: லாரியில் ஏறாதது யாருக்காவது போய்ச் சேரவேண்டும். துளசித் தொட்டி எதிர்வீட்டுக்குப் போயிற்று. மூன்று கால் ஸ்டூல் காவலாளிக்குப் போயிற்று. எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. கூடத்தின் நடுவே, பழைய செய்தித்தாளின்மேல், இரு கண்ணும் திறந்து வீற்றிருந்தது இரட்டைக் கதவு டேப்ரெக்கார்டர்.

அதன் பெருமையைச் சொல்லவேண்டும். ஒரு பாட்டு இருபது நிமிடத்துக்குக் குறைந்தால் அதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடும் ப்ராக்ரெசிவ் ராக் என்னும் மதத்துக்கு, பிரிட்டோ, மதுவந்தி, இனி வரப்போகும் இன்னொருவன் ஆகிய மூவரையும் பொறுத்தவரை, அப்பெட்டியே கோயில். மதுவந்தியின் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பும் அசல் கேசட்டுகள் இடது கதவில் நுழையும். வலது கதவில் காலிக் கேசட் நுழையும். ஒரு மணி நேரத்தில் நகல் பிறக்கும். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் பிரிட்டோ பஸ் பிடித்து வந்து நகலெடுத்துப் போய், ஒரு காதில் மட்டும் கேட்கும் வாக்மேனில் வாரம் முழுவதும் கேட்பான். அந்தப் பெட்டி அந்நியர் கைக்குப் போனால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. வேறு ஊரில் வேறு பெட்டி கிடைக்கலாம். சாந்த்ராகாச்சியில் அவனுக்கு வாங்கித் தரப்போகிறவர் எவருமில்லை.

அதே பெட்டிக்கு இன்னொருவனும் குறிவைத்திருந்தான். ஜாதவ்பூர் மாணவன், வங்கி அதிகாரியின் மகன், தமிழைவிட வங்காளத்தில் சரளமாகச் சண்டையிடும் ராகவேந்திரன். ஒற்றைச் சுரத்தின் உபாசகன். கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் ஒரு சுரத்தைப் பிடித்து, வளைத்து, அது அழுது முடிக்கும்வரை விடாமல் வைத்திருக்கும் அழகே கலையின் உச்சம் என்பது அவன் கொள்கை. பிரிட்டோவின் தெய்வமோ ஸ்டீவ் ஹவ். சுரங்களை ஆலங்கட்டி மழையாகப் பொழிபவர்.

இருவரையும் தரையில் எதிரெதிரே உட்காரவைத்து, மூட்டைகட்டிய மெத்தையின்மேல் தான் ஏறி அமர்ந்து, மதுவந்தி ஆணையிட்டாள்.

"இன்னிக்கு முடிவு பண்ணியாகணும். யாரோட கிட்டாரிஸ்ட் பெரியவரோ அவாளுக்குத்தான் பெட்டி. லாரி பன்னெண்டு மணிக்குக் கெளம்பறது. அழக்கூடாது, அடிச்சுக்கக்கூடாது, 'ரெண்டு பேரும் நல்லவா'ன்னு யாரும் சொல்லக்கூடாது."

முரசு கொட்டியதுபோல் கீழே யாரோ பீரோவைப் படியில் இடித்தார்கள். போர் தொடங்கியது.

ராகவேந்திரன் முதற்கணையைத் தொடுத்தான். பிரிட்டோ இரண்டு வயது மூத்தவன் என்பதால் வங்காள வழக்கப்படி பெயரின் வாலில் 'தா' சேர்த்து மரியாதை கொடுத்துவிட்டு, அந்த மரியாதையை உடனே திரும்பப் பெற்றான்.

"தூர், பிரிட்டோதா! வேகமா வாசிச்சா பெரியவரா? மினிபஸ்கூடத்தான் வேகமா போகுது. அதுக்கு யாரு பூஜை பண்றா?"

அக்கணை மார்பில் தைத்தும் குருதி சிந்தாத நம் வீரன், எதிர்வீட்டு வங்காள அம்மாள் மாசிமா வழியனுப்பக் கொடுத்தனுப்பிய ஷிங்காரா என்னும் சமோசா ஒன்றை எடுத்து, அதன் மூன்று முனைகளில் ஒன்றைக் கடித்து, உருளைக்கிழங்கின் சூட்டை வாயில் உருட்டிக்கொண்டே மறுகணை விட்டான்.

"உங்காளு ஒரு சுரத்தப் புடிச்சா, லோட்ஷெடிங்ல மாட்டுன லிஃப்ட் மாதிரி அங்கனயே நிக்காருல. கரண்டு எப்ப வரும், கதவு எப்ப தெறக்கும்னு நாங்கதான் வேர்த்துட்டுக் கெடக்கோம்."

மெத்தையின்மேல் மதுவந்தி சிரித்துவிட்டாள். நீதிபதி சிரித்தது சட்டப்படி எண்ணப்படாது என்று ராகவேந்திரன் முறையிட்டான். முறையீடு தள்ளப்பட்டது.

பின்னர் நடந்ததை முழுதும் பாட நாவாயிரம் வேண்டும். வாத்தியங்களும் வழக்குகளும் மோதின. மேடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கும் ராபர்ட் ஃப்ரிப் இருவரிடமும் தூதாக அழைக்கப்பட்டு, இருவராலும் அவமதிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். இன்னொரு கிட்டாரிஸ்டான ஸ்டீவ் ஹேக்கெட்டின் பெயர் ஒருமுறை எழுந்து, கவனிப்பாரின்றி ஃபேன் காற்றில் கரைந்தது. சுமைதூக்கிகள் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கியபடி இரு சேனைகளுக்கும் நடுவே நடந்து போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, யாருக்கும் அடிபடவில்லையே என்று பார்த்துவிட்டுப் போனார். மணி பதினொன்றேகால் ஆயிற்று. வெற்றித்திருமகள் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் மாசிமாவின் ஷிங்காராத் தட்டருகே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பிரிட்டோ தன் பேராயுதத்தை எடுத்தான். இடக்கையை உயர்த்தினான். கறுப்புக் கடிகாரம் ஜன்னல் வெயிலில் மின்னியது.

"கேளுங்க. எங்காளு வாசிச்ச ஒரு தனிப்பகுதி. நாப்பத்தேழு செகண்டு. ஐநூத்தி அறுபத்திநாலு சுரம். நாலு மாசம் உக்காந்து ஒத்தொத்தையா எண்ணியிருக்கேன். செகண்டுக்குப் பன்னெண்டு! அதும் சாதாரண சுருதியில்ல. தந்தி எல்லாத்தையும் அரைக்கட்டை ஏத்தி முறுக்கி வாசிக்காரு. அதான் அவரு ரகசியம். அப்பிடி முறுக்கித்தான் என் தந்தி முப்பத்தொண்ணு அறுந்துச்சு. அவரு தந்தி அறல. ஏன்? அவரு மகான்!"

இந்த ரகசிய சுருதிக் கோட்பாட்டை உலகில் வேறு எவரும் கண்டறிந்ததில்லை. அதைப் பின்பற்றி ராகவேந்திரனும் மூன்று தந்திகளைப் பலிகொடுத்திருந்தான். எனவே அவனும் ஒரு கணம் தலைகுனிந்தான்.

தலைகுனிந்தவன் தன் பையைப் பார்த்தான். பைக்குள் கையளவு சிடி பிளேயரும், இரு சிறு ஸ்பீக்கரும், சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த சிடிக்கள் நான்கும் இருந்தன. கில்மோரைத் துல்லியமாகக் கேட்கவைத்து நீதிபதியை உருக்குவதே அவன் திட்டம். ஆனால் நான்கில் ஒன்று ஹவ்வினுடையது. பிரிட்டோவின் கண் அதில் விழுந்தது.

மாவீரர்கள் வீழ்வது பகைவர் கையால் அல்ல. தாங்களே நீட்டிய கையால்.

"போடுல அத!" என்று முழங்கினான். "சிடியிலயே அளப்போம். பொறவு பேசு."

முதலில் அசல் கேசட்டை இடது கதவில் இட்டார்கள். ஸ்டாப்வாட்ச் துடித்தது. நாற்பத்தேழு நொடி. பிரிட்டோ எதிரியை நோக்கிப் புன்னகைத்தான். அடுத்து அதே பகுதி சிடியில் ஓடியது. நாற்பத்தேழாம் நொடி வந்தது, போயிற்று. ஹவ் வாசித்துக்கொண்டே இருந்தார். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பதில் நிறுத்தினார்.

"சிடி டூப்ளிகேட்டு," என்றான் பிரிட்டோ.

"அத்தை பையன் கடையில வாங்கின ஒரிஜினல் பிரிட்டோதா!"

"அப்ப உங்க அத்த பையன் ஏமாந்துட்டான்."

உள்ளிருந்து மதுவந்தியின் தாய் ஷ்யாமளா வந்தார். கையில் செய்தித்தாளில் பாதி சுற்றிய பருப்பு கடையும் குண்டான். வாயில் எந்நேரமும் ஏதாவதொரு கீர்த்தனை. அந்த அம்மையாருக்கு கிட்டார் என்றால் பாயைக் கிழிக்கும் ஓசை. ஆனால் சுருதி என்றால் சுருதி.

"ஏண்டா பசங்களா, ரெண்டும் ஒரே பாட்டுதானே? மொதல்ல போட்டது அரைக்கட்டை ஏறின்னா இருக்கு. அந்தப் பெட்டியிலே எது போட்டாலும் அப்படித்தான். வலது பக்கம் சரியா இருக்கும். எங்காத்துப் பாட்டெல்லாம் நான் வலது பக்கந்தான் போடுவேன்."

"ஏம்மா, நாலு வருஷமா இத சொல்லவே இல்லியே?" என்று அலறினாள் மதுவந்தி.

"நீங்க கேக்கற பாட்டுக்கு எது சரி எது தப்புன்னு எனக்கு என்னடி தெரியும்? அவா அப்படித்தான் கத்துவா போலிருக்குன்னு விட்டுட்டேன்."

மதுவந்தி கேசட்டை இடமிருந்து வலம் மாற்றினாள். ஐம்பது நொடி.

இடது கதவின் மோட்டார் நான்கு ஆண்டுகளாக ஓடவேண்டியதைவிட வேகமாக ஓடியிருக்கிறது. அதில் பிறந்த நகல்கள் எல்லாம் அவ்வேகத்திலேயே பிறந்திருக்கின்றன. ரகசிய சுருதி என்று ஒன்று இல்லவேயில்லை. பன்னிரண்டு சுரம் பதினொன்றேகாலாய்ச் சுருங்கியது. அறுந்துவீழ்ந்த முப்பத்தொரு தந்திகளும், களத்தில் காரணமின்றி மடிந்த காலாட்படைபோல், ஒவ்வொன்றாய்ப் பிரிட்டோவின் மனக்கண்முன் எழுந்து நின்று, "ஐயா, நாங்கள் எதற்காக?" என்று கேட்டன. அவன் தட்டுப்பக்கம் கைநீட்டினான். ஷிங்காராவும் தீர்ந்திருந்தது.

"கில்மோர் ஜெயிச்சார்," என்று தீர்ப்பு வந்தது. "ராகவ், பெட்டிய எடுத்துக்கோ."

வெற்றிவாகை சூடிய ராகவேந்திரன் எழுந்தான். பரிசை நெருங்கினான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"ஸ்பீட் கெட்டுப்போன பெட்டிய வெச்சு நான் என்ன பண்ண? இதுல போட்டா கில்மோரோட அந்த நீள சுரம் சீக்கிரமா முடிஞ்சுடுமே. எனக்கு வேணாம்பா."

அந்தச் சொல் காதில் விழுந்ததும், மண்ணில் கிடந்த நம் வீரன் மறுபடி எழுந்தான். தோற்றவன் முகத்தில் அத்தகைய ஒளியை அந்தக் கூடம் அதற்குமுன் கண்டதில்லை.

"எனக்கு வேணும்ல!" என்றான். "மத்த பெட்டியில எல்லாம் எங்காளு பதினொண்ணேகாலு. இந்த ஒத்தப் பெட்டியிலதான் பன்னெண்டு. உங்காளு இழுவையும் இதுல கொறையுது. ரெண்டு லாபம்!"

ராகவேந்திரன் வாய்விட்டுச் சிரித்து, தோற்ற படையின் பெட்டிக்குத் தானே கயிறு கட்டிக்கொடுத்தான். மதுவந்தி அசல் கேசட்டுகளில் ஆறை எடுத்து, கயிற்றிடுக்கில் செருகினாள். பிறகு சொன்னாள்.

"எப்பவும் இடது கதவுலயே போடு. வலது கதவு உண்மைய சொல்லிடும்."

லாரி உறுமிப் புறப்பட்டது. கையசைத்தல்கள் முடிந்தன. இரட்டைக் கதவுப் பெருநிதியைத் தோளில் ஏந்தி, கயிறு கழுத்தை அறுக்க, மே மாதத்து வெயில் உச்சியைப் பிளக்க, பஸ் நெரிசலில் நூறு முழங்கைகளின் வேற்படை விலாவில் பாய, ஹூக்ளியின் இரண்டாம் பாலத்தை, கடல்கடந்து வென்று திரும்பும் கலத்தலைவன்போல் நிமிர்ந்து நின்றே கடந்து, வேகன்கள் முட்டி முழங்கி வரவேற்க, சாந்த்ராகாச்சிக் குவார்ட்டர்ஸின் நாற்பது படிகளையும் இடையில் எங்கும் இறக்கிவைக்காமல் ஏறி, தோல்வியால் மட்டுமே அடையத்தக்க அந்த வெற்றியைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் நிறுவி, வியர்வை சொட்ட, மார்பு விம்ம நின்றான் பிரிட்டோ.

அவன் அம்மா வந்து பார்த்துவிட்டு, அதில் ரேடியோ எடுக்குமா என்று கேட்டாள்.