கேரவனில் நல்ல தண்ணீர்

கேரவனின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்திருந்தார். சும்மா முடிவல்ல, சபதம். உயிரே போனாலும் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க மாட்டேன் என்று மனைவியிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார். அவர் சொன்னபோது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

வண்டி வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டிதான். உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய குளியலறை, கைக்குட்டை அளவு ஜன்னல், அதற்கும் ஒரு திரை. சோபாவுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒரு சின்ன மோட்டார் குழாய்களுக்குத் தண்ணீர் அனுப்பும். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்த வேண்டும். காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் குழாய்த் தண்ணீரில் காபி போட்டு, மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். அவருக்கு மிச்சமிருந்த லட்சியம் அவ்வளவுதான். ஏரி தயாராக இருந்தது. வண்டி தயாராக இருந்தது. மனைவிதான் தயாராக இல்லை.

"தொட்டியைக் கழுவாம நான் அதுல ஏற மாட்டேன்."

"சுத்தமாத்தான் இருக்கு. வித்தவர் ரொம்ப சுத்தக்காரர். செருப்பைக் கழட்டிட்டுத்தான் வண்டிக்குள்ளயே போவாராம்."

"கழட்டி எங்க போட்டார், தொட்டியிலயா? எத்தனை மாசமா அதுல தண்ணி நின்னுச்சோ!"

"நின்னா என்ன? கடல்கூடத்தான் நிக்குது."

"கடல் தண்ணியில யாராவது காபி போடுறாங்களா?"

அவர்கள் வீட்டு விவாதங்களில் கடைசிக்கு முந்தைய வாக்கியம் எப்போதும் அவருடையது.

மனைவிக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நஷ்டஈட்டுப் பிரிவில் வேலை. நாள் முழுக்கத் தொலைபேசியில் பொய் கேட்கிற உத்தியோகம். வண்டியை நிஜமாகவே இடித்துக்கொண்டவன் இரண்டு வரியில் முடித்துவிடுவான், இடிக்காதவன்தான் எதிரே வந்தவனின் சட்டைக் கலர் வரை சொல்வான் என்பது அவளுடைய அனுபவ ஞானம். அப்படி ஒருவன் சொல்லிக்கொண்டே போகும்போது அவள் மறுக்க மாட்டாள். 'அப்படியா' என்பாள். அந்த 'அப்படியா'வுக்குப் பிறகு எத்தனையோ பேர் தங்கள் மனுவைத் தாங்களே வாபஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு நாள் தொடர் விடுமுறை வந்தது. முதல் நாள் காலை, காபி நேரத்தில், அவள் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"தம்பி போன் பண்ணினான்."

கண்ணாடிக் கடைக்காரர் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். மச்சினனுக்கு அவர் மனதுக்குள் வைத்திருந்த பெயர் 'இரவல்'. பக்கத்து ஊரில் இருந்தான். ஏணி வாங்கிப்போனான். ஒரு படி குறைந்து திரும்பி வந்தது. குடை வாங்கிப்போனான். கம்பி மட்டும் வந்தது. ட்ரில் இன்னும் வரவே இல்லை.

"என்னவாம்?"

"கேரவனைக் கேக்குறான். லீவுக்குக் குழந்தைங்களை எங்கயாவது கூட்டிட்டுப் போகணுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்ல? உங்க வண்டி. நீங்களாச்சு, உங்க மச்சினனாச்சு."

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். ஆனால் அதை இந்த வீட்டில் சொன்னால் அடுத்த பதினைந்து நாளைக்கு 'ம்' என்பது மட்டுமே பதிலாக வரும். அதுவும் எப்போதாவது. அவர் யோசித்தார். யோசனை வந்தது. பிரமாதமான யோசனை என்று அவருக்கே தோன்றியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"தாராளமாக் கொடுக்கலாம். எனக்கு இருக்கிறது ஒரே மச்சினன். ஆனா..."

"ஆனா?"

"அந்தத் தொட்டியை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்தத் தொட்டி? செருப்பைக் கழட்டிட்டு ஏறுவாரே, அவரோடதா?"

"அவர் வெளிப்பார்வைக்கு சுத்தம். உள்ள யார் கண்டா? மாசக்கணக்கா நின்ன தண்ணி. பச்சையா, வழவழன்னு படிஞ்சிருக்கும். தொட்டியில மட்டுமில்லை, குழாய் பூரா. ஹீட்டருக்குள்ளயும் போயிருக்கும். கலக்கினா அழுகின இலை வாசனை வரும். நமக்குன்னா பரவாயில்லை, குழந்தைங்க வயிறு என்னத்துக்கு ஆகும்?"

நிறம், வழவழப்பு, வாசனை ஒன்றையும் விடவில்லை. அந்தத் தொட்டியின் மூடியை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"அப்படியா," என்றாள் மனைவி.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியே அவள் தலை ஆடுவது தெரிந்தது. ஒருமுறை சிரித்தாள். திரும்பி வந்தாள்.

"பரவாயில்லையாம். அவனே கழுவிக்கிறானாம்."

"யாரு?"

"தம்பிதான். நாளைக்கு மத்தியானம் வர்றான். குழாய்ல அடைப்பு இருந்தா அறுத்துப் போட்டுட்டு வேற மாட்டிடலாம்கிறான். உங்க ட்ரில் அவன்கிட்டத்தானே இருக்கு? அதையும் கொண்டு வர்றானாம்."

தன் ட்ரில்லாலேயே தன் வண்டியில் ஓட்டை விழப்போவதை அவர் கண்ணால் பார்த்தார். திரை போட்ட சின்ன ஜன்னல், அதன் பக்கத்தில் தவறான இடத்தில் போட்ட ஓட்டை, இன்னும் சரியான இடம் தேடிப் போட்ட இரண்டு ஓட்டைகள். எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"ஏன், நாம நாளைக்குக் காலையிலயே கிளம்பிட்டா என்ன?"

"எங்க?"

"ஏரிக்கு. நீயும் நானும். அவன் வர்றப்ப வண்டியே இங்க இருக்காது. இல்லாத வண்டியை எப்படிக் கொடுக்கிறது?"

"அவன் பாவம் இல்லையா?"

"பாவம்தான். திரும்பி வந்து வருத்தப்பட்டுக்கலாம்."

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். துக்கத்தை அடக்குகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"எனக்கென்ன, வர்றேன். ஆனா அந்தத் தண்ணியில பல்கூட விளக்க மாட்டேன். பச்சையா வழவழன்னு..."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஓ, பேச்சுக்கா? அப்ப தொட்டி சுத்தமாத்தான் இருக்குன்னு தம்பிகிட்டச் சொல்லிடவா?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கழுவிடுறேன்," என்றார்.

மனைவி பரணிலிருந்து ஒரு பையை இறக்கினாள். குடிதண்ணீருக்கென்றே விற்கும் வெள்ளை ஹோஸ், புனல், ப்ளீச் பாட்டில், ரப்பர் கையுறை.

"இதெல்லாம் எப்ப வாங்கினே?"

"வீட்டுல கிடந்துச்சு."

ஹோஸில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. ஊரிலுள்ளவர்களையெல்லாம் உட்கார வைத்து, கீழ்வரிசை எழுத்து தெரிகிறதா என்று கேட்கிற மனிதர். அவருக்கு அது தெரியவில்லை.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தொட்டியின் வடிகுழாய் அங்கேதான் இருந்தது. அதன் அடைப்பானைத் திருகினார். திருகிய கையை அவர் எடுப்பதற்குள் தண்ணீர் முகத்தில் இறங்கியது. பால் விடாத டீயின் நிறம். தண்ணீர் நின்றதும் குழாய் ஒருமுறை செருமியது. பிறகு வேறொன்று வந்தது. பச்சையாக, வழவழவென்று, அழுகின இலை வாசனையுடன். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சொன்ன பொய் ஒன்று உண்மையாகித் தன் நெற்றியிலேயே வந்து விழுந்ததை அவர் உணர்ந்தார்.

"என்னங்க, எப்படி இருக்கு?" ஜன்னலிலிருந்து மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்லை. லேசாத் தூசி."

ஃபில்டரைக் கழற்றி வெளியே வைத்தார். ஹீட்டருக்குப் போகும் வழியை அடைத்தார். ப்ளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும், இந்தத் தொட்டிக்கு ஒரு சின்னக் கப் போதும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கடைசிவரை அதில் ஒரு சொட்டு படவில்லை. இவனுக்கு நெற்றியில் எதுவும் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே கண்ணாடிக் கடைக்காரர் பாட்டிலை வாளியில் கவிழ்த்தார். புனல் வழியாக ஊற்றித் தொட்டியை நிரப்பினார். மோட்டாரைப் போட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ப்ளீச் வாசனை வந்ததும் மூடினார். மருந்து ஊறட்டும் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். கை முழுக்க அதே வாசனை. சாப்பாட்டிலும் அதே வாசனை.

சாயங்காலமாகத் தொட்டியை வடித்தார். நிரப்பினார். மறுபடி வடித்தார். அழுக்கு போய்விட்டது. ப்ளீச் வாசனை போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு நீச்சல் வாத்தியார்.

"என்ன சார் இது? லீவு போட்டு வீட்டுல இருந்தாலும் என் குளம் என்னைத் தேடி வருதே!"

"தண்ணித் தொட்டி கழுவுறேன் சார்."

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"கொஞ்சம்."

"இந்தக் கொஞ்சத்தை வச்சு நாங்க ஒரு வாரம் ஓட்டுவோம்."

"வாசனை போக மாட்டேங்குது சார். இப்ப என்ன பண்றது?"

"டிக்கெட் போட்டு ஆள் இறக்கிடுங்க."

கண்ணாடிக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்ததும் வாத்தியாருக்கே இரக்கம் வந்துவிட்டது. "விளையாட்டுக்குச் சொன்னேன் சார். இன்னும் நாலு தடவை நிரப்பி விடுங்க. கடைசியில சமையல் சோடாவைக் கரைச்சு ஊத்தி, எல்லாக் குழாயிலயும் ஓட விட்டு அலசிடுங்க. போயிடும்."

நிரப்பினார். வடித்தார். சோடாவைக் கரைத்து ஓட விட்டார். அலசினார். வழியில் எங்கேயோ வேலை பிடித்துப்போயிற்று. மோட்டாரின் முனகல் மாறுவதை வைத்தே தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது. குழாயைத் திறந்தால் முதலில் காற்று தும்மும், பிறகு இரண்டு விக்கல், அதற்குப் பிறகு நிதானமான நீளத் தண்ணீர். கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தார். எந்த ருசியும் இல்லை. இத்தனை நாளில் அவர் குடித்ததிலேயே ருசியான தண்ணீர் அதுதான்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, தட்டில் வைத்து, மனைவியிடம் கொண்டுபோனார். அவள் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்து, கொஞ்சம் நிறுத்தினாள். இரண்டு மாதமும் ஒரு ஏரியும் அந்த டம்ளருக்குள் நின்றன.

"நல்லாருக்கு," என்றாள். மிச்சத்தையும் குடித்தாள். "காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ப்ளீச் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"தம்பிகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்," என்றபடி மனைவி துணிகளை எடுத்து வைக்கப் போனாள். "நீங்க போன் கீன் பண்ணிட்டு இருக்காதீங்க."

பண்ணியிருக்க மாட்டார். ஆனால் சந்தோஷம் ஒரு மனிதனைச் சும்மா உட்கார விடுமா? ஏணி போனபோது அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். குடை போனபோது, கொட்டும் மழையில், சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஆயுளில் ஒருமுறையாவது அந்தப் பயலிடம் 'இல்லை' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதை மனைவியின் வாய்க்கு விட்டுக்கொடுப்பதா? வண்டிக்குள் போய், சுத்தமான தொட்டிக்கு மேலே சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, எண்ணை அழுத்தினார்.

"அத்தான்! என்ன அதிசயம், நீங்களா எனக்குப் போன் பண்றீங்க?"

"ஒண்ணுமில்லைப்பா. சொல்றதுக்கே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நாளைக்கு வண்டி கிடைக்காது."

"எந்த வண்டி?"

"கேரவன்தான்."

"எந்தக் கேரவன்?"

"நம்ம கேரவன்ப்பா. லீவுக்கு வேணும்னு நீ அக்காகிட்டக் கேட்டியே."

மச்சினன் மெதுவாக, ஒரு குழந்தை பொம்மைக் கடை வாசலில் நின்று கேட்பது போல் கேட்டான்.

"அத்தான், நீங்க கேரவன் வாங்கியிருக்கீங்களா?"

கண்ணாடிக் கடைக்காரர் நிமிர்ந்தார். வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கையில் பெட்டியுடன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாமப் பார்த்துக்கிட்டேன். அவன் இங்க வர்றேன்னு சொல்றப்பல்லாம் நானே பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். யார் அவனைப் பார்த்தாலும் வண்டியைப் பத்தி மூச்சு விடாதீங்கன்னு பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்டகூடச் சொல்லி வச்சேன். உங்க ஒருத்தர்கிட்டத்தான் சொல்லி வைக்கலை."

"அப்ப காலையில பால்கனியில யார்கிட்ட பேசினே?"

"பேசலை. வானிலை அறிக்கை கேட்டேன். ஏரிப் பக்கம் நாலு நாளும் பிரமாதமா இருக்குமாம்."

அவருடைய உள்ளங்கைக்குள் மச்சினன் கத்திக்கொண்டிருந்தான். கையை எடுத்தார்.

"அத்தான், கேக்குதா? நாங்களும் லீவுக்கு வீட்டுல சும்மாதான் கிடக்கோம். குழந்தைங்க இப்பவே குதிக்குதுங்க. விடியறதுக்குள்ள வந்துடுறோம், எல்லாருமாவே போகலாம். குடிக்கத் தண்ணி மட்டும் எடுத்துட்டு வரணுமா?"

மனைவி பெட்டியை இறக்கி வைத்தாள். அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வேண்டாம்டா. அத்தான் உனக்காகத் தொட்டியைக் கழுவி, நிரப்பி வச்சிருக்கார்."