லிப்டுக்காரருக்கு ஒரு சரணம்

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு நான் ஒரு பொய்ச்சாட்சி சொன்னேன். கோர்ட்டில் இல்லை, ஆபீஸ் வராந்தாவில். யாரும் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. பதவி உயர்வுக்கான பேப்பர் மேனேஜரின் மேஜையில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். அந்தச் சாட்சியத்தால் மலையேற்றப்பட்டவர், லிப்ட் மின்சாரத்தில் ஓடுவதில்லை, பாட்டில்தான் ஓடுகிறது என்று நம்பிய உலகத்தின் ஒரே மனிதர்.

திருவனந்தபுரம் பாளையத்தில் நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது எங்கள் தேயிலைக் கம்பெனியின் தலைமை ஆபீஸ். இரும்புக் கிராதிக் கதவும் பித்தளைக் கைப்பிடியும் வைத்த பழைய லிப்ட். அதை ஓட்டியவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் 'சரணம்'. மாடி வந்துவிட்டாலும், பாடிக்கொண்டிருக்கும் சரணம் முடியாமல் கதவைத் திறக்கமாட்டார். அதனால் வந்த பெயர்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர். தமிழ், மலையாளம் இரண்டிலும் சினிமாப் பாட்டு அத்தனையும் மனப்பாடம். ஆனால் ஒரு சட்டம் உண்டு. வேலையைப் பற்றிய பாட்டு மட்டுமே லிப்டில் ஏறலாம். ஏர் ஓட்டுகிறவன், நாற்று நடுகிறவள், வலை இழுக்கிறவன், ரிக்ஷா மிதிக்கிறவன், கல் உடைக்கிறவன் இவர்களுக்கெல்லாம் அனுமதி. காதலர்களுக்கு இல்லை. புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர், "ஒரு நல்ல காதல் பாட்டு பாடுங்கண்ணே" என்று கேட்டுவிட்டார். சரணம் கிராதியைத் திறந்து, "படி அங்ஙன இருக்கு, தம்பி. காதலிச்சுக்கிட்டே ஏறிப் போங்க" என்றார்.

மாடிக்கு ஒரு பாட்டு. பார்சல் கட்டும் முதல் மாடிக்கு மூட்டை தூக்குகிறவன் பாட்டு. தேயிலை ருசி பார்க்கும் மூன்றாம் மாடிக்குக் கொழுந்து கிள்ளும் பெண்கள் பாட்டு. மேனேஜர் இருந்த நான்காம் மாடிக்கு மாடு மேய்க்கிறவன் பாட்டு. அதன் உள்ளர்த்தத்தை மேனேஜர் ஓய்வுபெறும்வரை கண்டுபிடிக்கவில்லை. நான் இருந்தது இரண்டாம் மாடி, அக்கவுண்ட்ஸ். எங்கள் மாடிக்கு மட்டும் லிப்ட் ஊமையாக ஏறும்.

"எங்களுக்கு ஏன் பாட்டு இல்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கணக்கு எழுதுகதுல எங்க சாரே மூச்சு வாங்குது? மூச்சு வாங்குனாத்தானே பாட்டு வரும்."

அதனால் அக்கவுண்ட்ஸ்காரர்கள் மூன்றாம் மாடி வரை கேட்டுக்கொண்டே போய், படியில் இறங்கி வருவது வழக்கமாயிற்று. நானும்தான்.

ஒருமுறை ஆடிட்டரோடு லிப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றது. கரண்ட் இல்லை. ஆடிட்டருக்கு மூடிய இடம் என்றால் பயம், வேர்த்துக் கொட்டியது. சரணம் படகுப் பாட்டை எடுத்தார். "சும்மா நின்னா எப்படி? துடுப்பு போடுங்க சாரே!" பத்தாவது நிமிடம் ஆடிட்டர் கோட்டைக் கழற்றிவிட்டுத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் வந்ததும் சரணம் கைப்பிடியில் கை வைத்தார். உள்ளேயிருந்து ஆடிட்டரின் குரல் எங்களுக்குக் கேட்டது: "இருக்கட்டும், கரை சேர்ந்துவிடுவோம்."

அவருக்கும் ஒரு குறை இருந்தது. "எல்லா வேலைக்கும் எவனாவது பாட்டு எழுதியிருக்கான். லிப்டுக்காரனுக்கு மட்டும் ஒருத்தனும் எழுதல்ல, பாத்தேளா?" இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கமாட்டார்.

எனக்கு அவர்மேல் பொறாமை. எம்.ஏ. படித்த நான் பேசினால் பக்கத்து மேஜைக்காரர் கொட்டாவி விடுவார். இவர் வாயைத் திறந்தால் நான்கு மாடியும் பேனாவைக் கீழே வைக்கும். அந்த லிப்ட் குழிக்கு ஒரு குணம் இருந்தது. உள்ளே யார் பாடினாலும் குரல் கோயில் மண்டபத்தில் போலப் பெருகிக் கேட்கும். அவர் பாடுவதல்ல, குழிதான் பாடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அவர் தொப்பியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். லிப்ட் காலி. ஏறினேன், கதவைச் சாத்தினேன், நானே ஓட்டினேன். அவருடைய மாட்டுக்காரன் மெட்டில் என் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன்:

"தொந்திக்கு முன்னால ரெண்டு மாடு,
துரைக்குப் பின்னால நாங்க நாலு மாடு."

குழி பெருக்கியது. நான் சொக்கிப் போனேன். இரண்டாம் மாடியில் இறங்கி, நல்ல பிள்ளையாகப் பேரேட்டைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். நான்காம் மாடியில் வெளியூர் விருந்தாளிகளோடு மேனேஜர் இருந்தது எனக்குத் தெரியாது.

தொந்தியும் அவரும் இறங்கி வந்தார்கள். எல்லோரும் வராந்தாவில் நின்றோம்.

"நான் பாடல்ல சாரே. டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றார் சரணம்.

"பின்னெ ஆரு? லிப்டா பாடிச்சு?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பால்தானோ என்னவோ மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீர் லிப்டுக்குப் பக்கத்திலல்லே இருக்கிறது? சொல்லும். இவன் குரல்தானே?"

"அவர் குரல் மாதிரிதான் இருந்தது சார்" என்றேன்.

சரணம் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். அடுத்த வாரம் பொன்முடி மலையில் கம்பெனி பங்களாவுக்குக் காவலாள். அங்கே லிப்ட் இல்லை, மாடி இல்லை, பாதி நாள் பனியில் மனிதர்களும் தெரியமாட்டார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இரண்டாம் மாடியைப் போலவே இப்போது எல்லா மாடிக்கும் லிப்ட் ஊமையாக ஏறியது.

இன்று நான் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அங்குள்ள லிப்ட் தானாகப் பேசுகிறது. கதவு மூடுகிறது, கதவு திறக்கிறது என்று ஒரு பெண் குரல் ஒவ்வொரு தடவையும் எனக்கு அறிவிக்கிறது. எழுபத்தாறு வயதில் முழங்கால் படியேற விடுவதில்லை, அதைக் கேட்டே ஆகவேண்டும். கேட்கக் கேட்க, வராந்தாவில் நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து லிப்டுக்காரருக்கு ஒரு பாட்டு எழுதினேன். அவர் பொன்முடி அடிவாரத்தில் கல்லாற்றில் டீக்கடை வைத்திருப்பதாகப் பழைய டைப்பிஸ்ட் தங்கம்மா சொன்னார். பொன்முடி பஸ்ஸில் ஏறினேன்.

ஆற்றோரம் சின்னக் கடை. சுற்றுலா வந்த பையன்கள், "ஒரு பாட்டு வெய் சேட்டா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இந்தக் கடையில பாட்டு கிடையாது" என்றார் கிழவர். என்னைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார். "ரெண்டாம் மாடியா? வாங்க சாரே, வாங்க. மூச்சு வாங்குதே! இப்பம் ஒங்களுக்கும் பாட்டு வரும்."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குப் பதில் காகிதத்தை நீட்டினேன்.

"கண்ணு தெரியல்ல. பாடிக் காட்டுங்க."

பாடினேன்.

"ஏத்தி விட்டவன் கீழேயே நிக்கான்,
எறங்கிப் போனவன் மறந்தே போறான்."

இரண்டாவது வரியில் அவர் விரலைத் தூக்கினார். "நிறுத்தும். அன்னைக்கும் இதே எடத்துலதான் சுதி சறுக்குனீரு."

அத்தனை வருடம் 'நீங்க' என்றவர் அப்போதுதான் 'நீரு'வுக்கு இறங்கினார். எனக்கு அது சரியாகவே பட்டது.

"அப்போதே தெரியுமா?"

"டீக்கடை வரைக்கும் கேட்டுதே ஓய். செவி இருக்கவனுக்கு ஆளு தெரியாதா?"

"மேனேஜரிடம் சொல்லியிருக்கலாமே?"

"நீரு சொல்லுவீருன்னு நெனச்சேன். மூணு மாசம் நெனச்சேன். பெறவு குளிரு வந்துட்டு."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "மலைக்கு வந்தது போட்டும். பதினெட்டு வருசம் எனக்க பாட்டக் கேட்ட நாலு மாடி ஆளுகளும், அந்த அபசுரத்த எனக்க சாரீரம்னு நம்பிட்டானுவ பாத்தீரா? அதோட விட்டேன். பெறவு ஆருக்குப் பாடணும்?"

அன்று மாலை வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் டீ தந்தார். கிளம்பும்போது, "நாலு மாடிக்கும் சொல்லும்" என்றார். மேனேஜர் இல்லை. கம்பெனியும் இல்லை. உயிரோடு இருக்கும் மூன்று பேருக்குப் போன் செய்தேன். தங்கம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, "எனக்கு அப்பவே சம்சயம் சார். சரணம் அவ்வளவு மோசமா பாடமாட்டாரே" என்றார். மற்றவர்கள் இதைப் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். அன்று லிப்ட் குழியில் கேட்ட அபசுரம் என்னுடையது.

பாட்டு இன்னும் முடியவில்லை. பல்லவியை ஏற்றுக்கொண்டார். சரணத்தில் நான் 'கூண்டுக்கிளி' என்று எழுதியிருந்தேன்.

"கிளியா? நான் அதுல ராசா மாதிரில்லா நின்னேன்! வேலைப் பாட்டுன்னா மூச்சு வாங்கணும் ஓய், மூக்கு உறிஞ்சப்பிடாது. மாத்தி எழுதிட்டு வாரும்."

நான்கு தடவை போய்விட்டேன். நான்கு சரணமும் தள்ளுபடி. போன வாரம் நான் பஸ்ஸுக்கு எழுந்தபோது, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தார். பல்லவியின் மெட்டு மெல்லக் கேட்டது. சுதி இம்மி பிசகவில்லை. சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, திரும்பாமலே, "அடுத்த வாரம்" என்றார்.

நாளைக் காலை பஸ். சட்டைப் பையில் ஐந்தாவது சரணம் இருக்கிறது. கொஞ்சம் நன்றாகவே வந்துவிட்டது, இதை அவர் ஏற்றுக்கொண்டுவிடுவார் போலிருக்கிறது. வழியில் அதைக் கெடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.