ஜலீல் மாமாவை நான் சாகடித்த மதியம்

படித்த படிப்பை உறவினர் வீட்டில் காட்டக் கூடாது. டாக்டர்களுக்கு இது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. இஸ்லாமியச் சட்டத்தையும் அரசியல் சாசனச் சீர்திருத்தத்தையும் சேர்த்துப் படித்தவர்களுக்குப் புரிய, ஒரு சாவு தேவைப்படுகிறது.

அப்போது நான் பத்திரிகை வேலையை விட்டு, முனைவர் பட்டம் வாங்கி, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தேன். என் ஆய்வு, காணாமல் போன கணவர்களைப் பற்றியது. பழைய சட்ட நூல்களில் ஒரு கருத்து உண்டு: அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேரும்வரை அவன் உயிரோடிருப்பதாகவே கொள்ள வேண்டும், சொத்தைத் தொடக் கூடாது. பாவம், மனைவி ஆயுள் முழுக்கக் காத்திருப்பதா? ஏழாண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள், அவளை விடுவி என்று சாசனத்தைத் துணைக்கழைத்து வாதாடியிருந்தேன். (வாய்மொழித் தேர்வில் என் வழிகாட்டி கண் கலங்கினார். கண்வலி என்று பிறகு தெரிந்தது.)

நெல்லித்தோப்பிலிருந்து ஹாஜரா மாமி போன் செய்தார். அவர் கணவர் ஜலீல் மாமா, பிரான்சுக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் தகவலே இல்லை. பிள்ளைகள் கிடையாது. மாமாவின் தம்பி கரீம், வீட்டை விற்றுப் பங்கு பிரிக்க வருகிறாராம்.

"நீ வந்து ரெண்டு வார்த்த சட்டம் பேசி அவர அனுப்பிடும்மா."

போனேன். புதுச்சேரிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கும் மதிய நேரம். தெருவில் நாய்கூட இல்லை. ஹாலில் மாமி, கரீம் மாமா, நான் என மூன்று பேர். மாமி நான்கு டம்ளரில் டீ கொண்டுவந்து, நான்காவதைத் தட்டால் மூடினார். (கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. நிருபராக இருந்தபோதும் இப்படித்தான்.)

"நீ படிச்ச பொண்ணு. அண்ணன் இருக்காரா, இல்லியா? சட்டம் இன்னா சொல்லுது?" என்றார் கரீம் மாமா.

பழைய கருத்தைச் சொல்லியிருந்தால் அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பார். நான் என் ஆய்வேட்டைச் சொன்னேன். முன்னுரையிலிருந்து. "ஆகவே, சட்டத்தின் பார்வையில் ஜலீல் மாமா இறந்துவிட்டார்" என்று முடித்து, கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தினேன்.

"பங்கு?"

"பிள்ளையில்லாத மனைவிக்குக் கால் பங்கு. மீதி தம்பிக்கு."

மாமி என்னைப் பார்த்தார். ஆய்வேட்டில் நான் விடுதலை செய்த பெண்ணை, ஹாலில் வைத்துத் தெருவுக்கு அனுப்பியிருந்தேன்.

அப்போது மாடியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை. ஒரு மூலையிலிருந்து வந்து, சரியாகக் கரீம் மாமாவின் தலைக்கு மேலே நின்றது. பிறகு ஓர் இருமல்.

"மேல யாரு குடியிருக்காங்க அண்ணி?"

"யாரும் இல்ல. உங்க அண்ணன்தான்."

"அண்ணன் எறந்துட்டாருன்னு இவ இப்பதானே சொன்னா?"

"நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க. அவருக்கு யாரு சொன்னா?" என்ற மாமி, மூடிவைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு படியேறினார். மேலே தணிந்த குரலில் ஏதோ பேச்சு. இறங்கி வந்தபோது டம்ளர் காலி.

"வீட்ட விக்கிறது அவருக்கு இஷ்டமில்லியாம்."

கரீம் மாமா எழுந்துவிட்டார். "அது அண்ணன் இருமல்தான்" என்று என் காதில் சொல்லிவிட்டு, ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வெளியேறினார். வீட்டை விற்கும் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதே என்றுதான் என்னைப் பழக்கியிருந்தார்கள். முதல் படிவரை போனேன். அங்கிருந்து திரும்பி, இரண்டு செருப்பையும் மறக்காமல் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

வகுப்பில் இப்போதெல்லாம் பழைய கருத்தையும் மரியாதையாக நடத்துகிறேன். குடும்பத்தில் யார் சொத்துப் பேச்சு எடுத்தாலும், "மெதுவாப் பேசு, ஜலீலுக்குக் கேட்டுடும்" என்று மேலே கை காட்டுகிறார்கள். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவது, "இவதான் ஜலீல சாகடிச்சவ" என்று.

மாமி அதே வீட்டில்தான் இருக்கிறார். ஒவ்வொரு பெருநாளும் பிரியாணி போட்டுவிட்டுச் சொல்வார்: "அவரு இன்னும் உன் மேல வருத்தமாத்தான் இருக்காரு. மேல போய் ஒரு ஸலாம் சொல்லிட்டு வந்துடேன்."

கீழே நின்றபடியே உரக்கச் சொல்லிவிடுகிறேன். பதில் வருமுன் தெருவில் இருப்பேன்.