பாசேஜ் கடைசியில் ஒருத்தர் ஆடுகிறார்

என் மனைவியை ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணமான எந்த ஆணும் தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் வாக்கியம் இது. நான் சொன்னேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் மெதுவாகச் சொன்னேன்.

விஷயம் பிக்கிள்பால். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டென்னிஸுக்கும் டேபிள் டென்னிஸுக்கும் பிறந்த பிள்ளை இது. கையில் ஒரு மட்டை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, நடுவில் வலை. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு பட்டை உண்டு. அதற்குப் பெயர் கிச்சன். அதற்குள் நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. வீட்டுக் கிச்சனுக்குள்ளும் எனக்கு அனுமதி இல்லை என்பதால் இந்த விதி எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

எங்கள் குடியிருப்பில் இரண்டு கோர்ட். கீழ் கோர்ட் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, விரிசல் விட்ட தரையோடு இருக்கும். மேல் கோர்ட் மொட்டை மாடியில், நீலத் தரையும் நல்ல விளக்குமாக இருக்கும். கீழே ஆடுகிறவர்கள் பந்தை ஓங்கி அடிப்பார்கள். மேலே ஆடுகிறவர்கள் அடிக்கவே மாட்டார்கள். வலைக்கு மேலே மெல்லத் தூக்கி எதிராளியின் காலடியில் வைத்துவிட்டு, அவர் பொறுமை இழக்கும்வரை காத்திருப்பார்கள். இதற்கு டிராப் என்று பெயர். எதிராளி முன்னால் வந்து நின்றால் அவர் தலைக்கு மேலே தூக்கிப் போடுவது லாப். இந்த இரண்டில் எது வருகிறது என்று கடைசி நொடிவரை காட்டிக்கொடுக்காதவன்தான் தேறிய ஆட்டக்காரன்.

மேல் கோர்ட்டில் ஒரு ஜோடிக்கு இடம் காலியானது. பொறுப்பு முழுக்க எதிர்வீட்டு ஸ்டுடியோக்காரர் கையில். பாஸ்போர்ட் படம் எடுப்பவர்.

"அண்ணே, கீழ உங்களையும் அண்ணியையும் விட்டா ஆளே இல்லை. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் எதிரெதிரா ஆடுங்க. ஜெயிக்கிறவங்க மேல வரட்டும். ஜோடியா யாரை வேணும்னாலும் சேத்துக்கலாம்."

"யாரை வேணும்னாலுமா?"

"யாரை வேணும்னாலும். இப்ப எனக்கே ஜோடி இல்லை" என்று சொல்லி என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்கிற மனுஷன்.

எப்படியும் ஜெயித்தாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். மேல் கோர்ட் மீது ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் அது மட்டுமில்லை. காலையில் நான் என் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுகிறேன். அவள் அவளுடைய வங்கிக்குப் போய்விடுகிறாள். சாயங்காலம் கீழ் கோர்ட்டில் ஒரே பக்கம் நின்று ஆடும் நேரம்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கிற நேரம். நான் ஜெயித்தால் அவளைப் பெருந்தன்மையோடு ஜோடியாக அழைத்துப் போவேன். அவள் ஜெயித்தால் யாரை அழைத்துப் போவாள்? அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

ஆகவே ரகசியப் பயிற்சி. எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து ஒரு பாசேஜ் போகும். அதன் கடைசியில் குளியலறை. உள்ளே ஆளுயரக் கண்ணாடி. அதற்கு மேலே, கடையில் கண் பரிசோதிக்க வாங்கி மீந்துபோன பெரிய விளக்கு, நானே மாட்டியது. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. மட்டையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போவேன். பந்து கிடையாது. பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு டிராப், டிராப், லாப் என்று ஆடுவேன். குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் வெளியே கேட்காது.

அந்த வாரத்திலிருந்துதான் வீட்டில் ஏதோ சரியில்லாமல் போனது.

முதலில் கோர்ட்டில். பழக்கத்துக்காக எதிரெதிராக ஆடிப் பார்த்தோம். நான் பந்தை எங்கே வைக்கிறேனோ அங்கே அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்து நிற்கவில்லை. நான் நினைப்பதற்கு முன்பே நின்றுகொண்டிருந்தாள். இடது மூலைக்கு அடித்தேன், இடது மூலையில் இருந்தாள். சட்டென்று மாற்றி அவள் வலது காலுக்கு வைத்தேன், வலது கால் அங்கே இல்லை, மட்டை இருந்தது. முகத்தில் அசைவே இல்லை. பந்தைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"முதல் சர்வீஸ் ஆழமா. அப்புறம் ரெண்டு டிராப் என் இடது காலுக்கு. நான் குனியிற நேரம் பாத்து லாப். இல்லையா?"

கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. அந்தத் திட்டத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதவில்லை. என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சொன்னா பயப்படுவீங்க."

"நானா? பயமா? சும்மா சொல்லு."

"நம்ம வீட்ல ஒருத்தர் இருக்காருங்க."

"யாரு?"

"தெரியலை. முகம் தெரியாது. கறுப்பா, நிழல் மாதிரி. பாசேஜ் கடைசில நின்னு ஆடுறாரு. கையில மட்டை இருக்கு. பந்து இல்லை. சத்தமும் இல்லை. ஆடிக்கிட்டே இருக்காரு."

"எப்ப?"

"காலைல."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. நீங்க வெளிய வந்ததும் அவர் போயிடுறாரு."

நான் வெளியே வந்ததும் போகிறது என்றால், எனக்காகத்தான் வருகிறது.

"ஆளு எப்படி இருப்பான்?"

"உங்க உயரம். கொஞ்சம் தொப்பை. தலையில முடி குறைச்சல். பாவமா இருக்கும். நீங்க எப்படி ஆடப் போறீங்கன்னு தினம் அவர்தான் எனக்குக் காட்டுறாரு."

இதைச் சொல்லிவிட்டு அவள் நிதானமாக ரொட்டியைக் கடித்தாள். எனக்கு அதன் பிறகு ஒரு வாய் இறங்கவில்லை.

கடையில் அன்று வேலை ஓடவில்லை. ஒரு பெரியவர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் விழுந்த அவருடைய நிழலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படித்து முடித்து, "சரியா?" என்று கேட்டபோது, "கையில மட்டை இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் பாசேஜ் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றியது. அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் மட்டையை விட்டுத் துழாவினேன். ஒரு செருப்பு வந்தது, என்னுடையது. ஆனாலும் பயிற்சியை நிறுத்த முடியுமா? ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதை விட்டேன். ஏதாவது என்றால் ஓடிவிட வேண்டுமே என்று கண்ணாடியை விட்டு விலகி, கதவை ஒட்டி நின்று ஆடினேன். எங்கள் குளியலறைக் கதவும் கண்ணாடிதான், தேய்த்த கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு டிராப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். எதிர்க் கண்ணாடியில் என் முதுகுக்குப் பின்னால் கதவு தெரிந்தது. கதவின் அந்தப் பக்கத்தில் ஓர் உருவம் இருந்தது.

உட்கார்ந்திருந்தது. தலையைச் சற்றுச் சாய்த்து, அசையாமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாசேஜில் ஆள் நிற்கலாம், உட்காருவதற்கு அங்கே என்ன இருக்கிறது? குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. என் மூச்சு எனக்கே கேட்கவில்லை. மட்டையை ஓங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கதவை இழுத்தேன்.

யாருமில்லை. கதவுக்கு நேராக ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

சமையலறைக்கு ஓடினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாசேஜ்ல நாற்காலி யார் போட்டது?"

"எந்த நாற்காலி?"

"வா, காட்டுறேன்" என்றேன். துணியை மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள். மாற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது பாசேஜ் காலியாக இருந்தது. நாற்காலி சாப்பாட்டு மேஜையடியில் ஒன்றும் அறியாத பிள்ளையாக நின்றது. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிடுங்க" என்றாள்.

வேறு வழியில்லாமல் ஸ்டுடியோக்காரரிடம் போனேன். எதிரியிடமே போனேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல், தொப்பை, குறைந்த முடி, சூடான நாற்காலி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குளியலறைல விளக்கு எங்க அண்ணே இருக்கு?"

"கண்ணாடிக்கு மேல. பெரிய விளக்கு."

"கதவு?"

"தேய்ச்ச கண்ணாடி."

என் தோளைப் பிடித்து ஒரு வெள்ளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார். எனக்குப் பின்னால் விளக்கைப் போட்டார். "மட்டை பிடிக்கிற மாதிரி நில்லுங்க" என்றார். திரைக்கு முன்னால் போய்ப் படம் எடுத்துக் காட்டினார்.

கறுப்பாக ஒருத்தன் நின்றான். என் உயரம், கொஞ்சம் தொப்பை, தலையில் முடி குறைச்சல். பாவமாகத்தான் இருந்தது.

"இந்த ஆளாண்ணே?"

முதலில் வெட்கம் வந்தது. பிறகு கோபம். ஸ்டுடியோப் படியிறங்கும்போது சந்தோஷமே வந்துவிட்டது. தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைப் படித்திருக்கிறாள். சரி, படிக்கட்டும். இனிமேல் பாடத்தை நான் மாற்றுகிறேன். அவளுக்கு நான் கண்டுபிடித்தது தெரியாது. நிழல் லாப் போடும், வெறும் லாபாகப் போடும். அவள் பின்கோட்டிலேயே காத்திருப்பாள். நான் டிராப்பாக வைத்து முடிப்பேன். இத்தனை நாளில் முதல்முறையாக வீட்டில் விசிலடித்தேன்.

சனிக்கிழமை காலை நான் ஆடிய லாப் இருக்கிறதே, பார்க்கக் கண் கோடி வேண்டும். கதவை ஒட்டி நின்று, கையை அகல வீசி, ஒவ்வொன்றையும் மேகத்துக்கு அனுப்பினேன். பின்னால் அந்த உருவம் வந்து உட்கார்ந்தது. இப்போது எனக்குப் பயமில்லை, சிரிப்பை அடக்குவதுதான் பாடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல் கோர்ட். வானம் மூடியிருந்தது. காற்று அடியோடு நின்றிருந்தது. பந்து தரையில் பட்டால் வெறும் வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்.

முதல் டிராப் வைத்தேன். அவள் வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்கோட்டுக்கு ஓர் அடிகூடப் போயிருக்கவில்லை. மெல்லத் தட்டினாள், புள்ளி போனது. தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது டிராப்புக்கும் அங்கேயே நின்றாள். மூன்றாவதற்கும் நின்றாள். என் தலைமுடி, இருக்கிற கொஞ்சமும், நட்டுக்கொண்டது. நிழல் அவளிடம் பொய் சொல்லியிருந்தது, அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. அப்படியானால் வேறு யார் சொன்னது? மனம் பதறி, திட்டத்தை விட்டு, திடீரென்று ஒரு லாப் தூக்கினேன். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போதே அவள் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் நடந்தாள்.

பதினொன்றுக்கு இரண்டு. அந்த இரண்டும் அவள் ஷூ லேஸ் அவிழ்ந்தபோது கிடைத்தவை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உண்மையைச் சொல்லிடு. யாரு உனக்குச் சொல்றது?"

"நீங்கதான்."

"நேத்து முழுக்க லாப் போட்டேனே. அதைப் பாத்தேல்ல?"

"பாத்தேன். அதான் தெரிஞ்சுது. எப்பவும் அந்த ஆளு இல்லாத பந்தையே ரெண்டுல ஒண்ணு தவறவிடுவாரு. தவறவிட்டுட்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. நேத்து ஒண்ணுகூடத் தவறலை. நடிக்கிறாருன்னு புரிஞ்சுபோச்சு. அப்ப லாபைத் தவிர மத்ததுதானே வரும்?"

"சரி, நடுவுல நிஜமாவே லாப் போட்டேனே?"

"அடிக்கிறதுக்கு முன்னாடி வானத்தைப் பாத்தீங்க."

"அப்ப என்னை எதுக்குப் பேய்னு பயமுறுத்துன?"

"பேய்னு நான் சொல்லவே இல்லையே. ஆனா முதல்ல நீங்க கதவுக்குத் தள்ளி நின்னு ஆடுனீங்க, உருவம் மங்கலா இருந்துச்சு. பயந்ததுக்கப்புறம் ஒட்டி நின்னீங்க. பிசிறில்லாம தெரிஞ்சுது."

தோற்றுவிட்டேன். சாயங்காலங்களும் போய்விட்டன. ஸ்டுடியோக்காரர் புது மட்டையோடு, சட்டை இஸ்திரி கலையாமல் எங்களை நோக்கி வந்தார். அவருக்குச் சிரிப்பு வேறு. அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாழ்த்துகள் அண்ணி. ஜோடி யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். இவர்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. எழுந்து நின்றேன். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஸ்டுடியோக்காரரின் சிரிப்பு மெல்ல அடங்கி, பாஸ்போர்ட் படத்துக்கு ஏற்ற முகமானது.

"இவரா? இப்பதானே பதினொண்ணுக்கு ரெண்டுல தோத்தாரு. ஏன் அண்ணி?"

"இவர் பக்கத்துல நின்னா எதிராளி பந்தை எங்க அடிப்பாங்கன்னு யோசிக்கவே வேண்டாம்" என்றாள் அவள். "எல்லாம் இவருக்குத்தான் வரும்."